பன்னிரண்டு நெற்றிகளில் சந்தனம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிப் போகிறவன் நான். முப்பத்தொரு வருடம் நில அளவைப் படம் வரைந்தவன். அளக்க முடியாததை நம்பிப் பழக்கமில்லை. நீங்கள் சிரிக்கலாம், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மல்கிரேவில் எங்கள் வீட்டு நடையில் பதினொரு படங்கள் தொங்குகின்றன. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் பத்திரிகையில் வந்த எழுத்தாளர்களின் கேலிச்சித்திரங்கள். எல்லாருக்கும் பூசணிக்காய் அளவில் தலை, அதைத் தாங்காத சின்னக் கால், ஒன்பது பேருக்குத் தாடி. ஸ்பிரிங்வேலில் இருக்கும் என் நண்பன் குணம், அவனும் தாடிக்காரன், எழுபத்திரண்டு வயதில் முதல் புத்தகம் போடுகிறான் என்றதும், அவனையும் அதே பாணியில் வரைந்து, அதே மாதிரிச் சட்டம் போட்டுப் பன்னிரண்டாவதாக மாட்டினேன். வெளியீட்டு விழாவில் காட்டலாம் என்று அவனிடம் மூச்சு விடவில்லை. மற்றப் பதினொன்றையும் அவன் கண்டதேயில்லை.

அதற்குள் அவனுக்கு இருதய ஒப்பரேசன் வந்துவிட்டது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மருந்துக்கடைக்குப் போய் இரண்டு இருபதுக்குத் திரும்பினால், செவன் ஹில்ஸிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தங்கை பவளம் பன்னிரண்டு படங்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமையெல்லோ அத்தான். செத்த ஆக்களைச் சும்மா விடலாமே?"

"கடைசி ஆள் என்ரை சிநேகிதன் குணம். இப்ப ஒப்பரேசன் மேசையில கிடக்கிறான்."

"அவரை நான் எங்க கண்டன்? எல்லாம் ஒரே தாடி."

உயிரோடிருப்பவன் படத்துக்குப் பொட்டு வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குசினியில் பாத்திரம் துடைக்கிற துணியை நனைத்து அவன் நெற்றியை மட்டும் துடைத்தேன். சந்தனம் காய்ந்திருந்ததால் மூன்று தரம் துடைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குணம் பேசினான்.

"டேய், என்னை ஒரு வரிசையில நிப்பாட்டினவங்கள். பெரிய தலையள், குருவிக் காலுகள், எல்லாற்றை நெத்தியிலயும் சந்தனம். வெள்ளைக்காரருக்கு என்ன சந்தனம் எண்டு யோசிக்கேக்க, ஆரோ என்ரை நெத்தியை ஈரத்துணியால துடைச்சாங்கள். மூண்டு தரம். பிறகு திரும்பிப் போகச் சொல்லிப்போட்டாங்கள்."

"மயக்க மருந்தடா."

"இருக்கும். ஆனால் அந்தத் துணியை ஒருக்காத் தோய்ச்சிருக்கலாம். வெங்காய மணம்."

நான் துடைத்ததை அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னை விட்டிட்டுப் பன்னிரண்டு. உன்னோட திரிஞ்சு எனக்கும் எண்ணுற வருத்தம் தொத்திப்போட்டுது."

"பதினொண்டு."

"பன்னிரண்டு. கடைசி ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டது. உன்ரை உயரம்தான் வரும். நெத்தியில பொட்டு இருந்துதோ தெரியேல்லை."

குணத்தின் புத்தகம் வந்துவிட்டது. அவனும் தினமும் நாலு கிலோமீற்றர் நடக்கிறான். நான் மட்டும் காலையில் முகம் கழுவும்போது ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்கிறேன். எத்தனை தரம் துடைத்தால் போதும் என்று தெரியவில்லை.