‘கட்டில் செய்தல்’ முதலான பாடங்கள்

1. சீவுளியோடு வந்தவர்

முதல் நாள் காலை எட்டரைக்கு வகுப்பறைக்குள் போனபோது, முன் வரிசையில் ஒருவர் மடியில் மரம் இழைக்கும் சீவுளி வைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்றப் பதினொரு பேரும் பெண்கள். அவர்கள் எல்லோரும் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளியே இருந்தார்கள்.

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்த காலம் அது. விடுதிகளில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மூன்று மாத வகுப்பு புதிதாகத் தொடங்கியிருந்தோம். கூட்டுவது, துடைப்பது, அலசுவது, மடிப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பதுதான் பாடம். அங்கே சீவுளிக்கு ஒரு வேலையும் இல்லை.

“ஐயா, நீங்கள் எந்த வகுப்புக்கு வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“இந்த வகுப்புக்குத்தான் ரீச்சர். கட்டில் செய்யிற வகுப்பு.”

சட்டைப்பையிலிருந்து எங்கள் நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தை எடுத்து விரித்துக் காட்டினார். பாடங்கள் என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: கட்டில் செய்தல். கோப்பைகள் செய்தல். குழாயை ஓடவிடுதல். குப்பையை வெளியே அழைத்துச் செல்லுதல்.

நடந்தது இதுதான். எங்கள் பொறுப்பதிகாரி குகதாசன் சேர் ஆங்கிலத்தில் வந்த பாடத்திட்டத்தைக் கைத்தொலைபேசியில் போட்டு, அது தந்த தமிழை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தார். ‘மேக் த பெட்’ என்றால் படுக்கையை உதறி விரித்து ஒழுங்குபடுத்துவது என்று தொலைபேசிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அன்று பின்னேரம், நான் வீட்டுக்குப் போகும் பளை பஸ் வெளிக்கிடும் நேரம். கீழே “சரிபார்க்கப்பட்டது” என்று கையெழுத்து வைத்துவிட்டு ஓடிவிட்டேன். வாசிக்கவில்லை.

வந்தவர் பெயர் சிவநேசன். தாய் தகப்பன் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர்கள். இவர் வயலும் செய்வார், தச்சு வேலையும் செய்வார். புது மாதிரிக் கட்டில் பழகலாம் என்று வந்திருந்தார். நான் விஷயத்தை விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப இங்கிலீசிலை கட்டில் விரிக்கிறதும் மேக்கோ?”

“ஓம்.”

“மரம் அறுத்துக் கட்டில் செய்யிறவன் என்ன சொல்லுவான்?”

“அவனும் மேக் எண்டுதான் சொல்லுவான்.”

“உது பிழையான வேலை ரீச்சர். எவ்வளவு பாடு பட்டுச் செய்யிறது. சீலையை விரிக்கிறவனுக்கும் அதே சொல்லோ?”

பிழை என் மேல் என்பதால் அவரைப் பொறுப்பதிகாரியிடம் கூட்டிப்போனேன். பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் வகுப்பு நடத்த அனுமதி இல்லை. இவரோடு சேர்த்தால்தான் பன்னிரண்டு. குகதாசன் சேர் எழும்பி நின்று அவருக்குக் கதிரை போட்டார்.

“அண்ணை, நீங்கள் இருங்கோ. படிப்பு எண்டைக்கும் வீண் போகாது.”

சிவநேசன் யோசித்தார். “அறுவடையும் முடிஞ்சுது. அடுத்த விதைப்பு வரைக்கும் சும்மாதான். இருந்து பாப்பம்” என்றார்.

2. தூசி போடுவதா, எடுப்பதா

வகுப்பில் இருந்த உபகரணங்கள்: இரண்டு வாளி, நான்கு தும்புத்தடி, ஒரு வக்யூம் கிளீனர். வக்யூம் கிளீனரின் பிளக் எங்கள் சுவரில் எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை. ஆகவே ஒருவர் அதை இழுத்துக்கொண்டு போவார், இன்னொருவர் பின்னால் நடந்தபடி வாயால் சத்தம் போடுவார். சத்தம் நின்றால் இழுப்பவரும் நிற்க வேண்டும். அது நான் வைத்த விதி அல்ல. அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

கட்டில் மட்டும் இல்லை. மூன்று மேசைகளைச் சேர்த்துப் பெட்சீற் விரித்துப் பழகினோம். இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவநேசனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வேப்பமரக் கட்டில் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மரம் அவருடையது, வேலையும் அவருடையது. “இனி மரியாதையாப் படிக்கலாம்” என்றார்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் பவளராணி. கண்டாவளைப் பக்கம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், பேச்சிலும் மலையகத் தமிழ் மிச்சம் இருந்தது. நாற்பத்தாறு வயது. பதினொரு வருடமாக அலுவலகங்களில் நாட்சம்பளத்துக்குக் கூட்டித் துடைத்தவர். ஏ9 வீதியில் ஒரு புது விடுதியில் அறைப் பொறுப்பு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை. ஆனால் ஆங்கிலச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான். மூன்று மாதம் பார்ப்போம், பிறகு வேறு ஆளை எடுப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவர் ஒரு நாள் கை உயர்த்தினார்.

“டீச்சர், டஸ்ற்னா தூசி தானுங்களே?”

“ஓம்.”

“டஸ்ற் த டேபிள்னா மேசையில தூசி போடுறதுங்களா, எடுக்கிறதுங்களா?”

“எடுக்கிறது.”

“போன கிழமை சோல்ற் த கறின்னா கறிக்கு உப்புப் போடுறதுன்னு சொன்னீங்க. வோற்றர் த பிளான்ற்ஸ்னா செடிக்குத் தண்ணி ஊத்துறது. எல்லாத்துக்கும் போடுறாங்க, தூசிய மட்டும் ஏங்க எடுக்கிறாங்க?”

இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். அதில் இரண்டு பொருளும் இருந்தன. கேக்குக்கு மேல் மாவு தூவுவதும் டஸ்ற், மேசையில் தூசி தட்டுவதும் டஸ்ற். மறுநாள் அதை அப்படியே சொன்னேன்.

பவளராணி கொப்பியில் எழுதிக்கொண்டார். “அப்ப ரெண்டும் சரிதானுங்களே” என்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. “ஓம், ரெண்டும் சரி” என்று சொல்லிவிட்டு யன்னல் துடைக்கும் பாடத்துக்குப் போய்விட்டேன்.

3. பரீட்சை

செய்முறைப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்டிப்பானவர் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தெரியாது, இடையில் இருந்தது நான் மூன்று மாதத்தில் ஊட்டிய ஆங்கிலம் மட்டும். பன்னிரண்டில் ஏழு பேராவது தேறாவிட்டால் வகுப்பை மூடுவார்கள். வகுப்போடு என் வேலையும் போகும். நான் மூலையில் ஒரு கதிரையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்றார்கள்.

வக்யூம் கிளீனரை ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னால் நின்று சத்தம் போட்டார். பரீட்சகர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரையும் பிளக்கையும் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் புள்ளி போட்டார்.

அடுத்தது சிவநேசன். அவருக்கு முன் சோதிக்கப்பட்டவர் கலைத்துவிட்டுப் போன பெட்சீற் கட்டிலில் அப்படியே சுருண்டு கிடந்தது. பரீட்சகர் அதைக் காட்டி, “டிட் யூ மேக் திஸ் பெட்?” என்று கேட்டார். இப்படி விட்டுவிட்டுப் போனது நீதானா என்பதுதான் அவர் கேட்டதன் கருத்து.

சிவநேசன் நிமிர்ந்தார். “யெஸ் மேடம். ஐ மேட் திஸ் பெட்.”

“பட் இற் இஸ் நொட் மேட்.”

சிவநேசனின் முகம் மாறியது. குனிந்து கட்டில் காலைப் பார்த்தார். பொருத்துகளைக் கையால் தட்டிப் பார்த்தார். ஒரு ஆட்டமும் இல்லை.

“இற் இஸ் மேட், மேடம். ஃபோர் டேய்ஸ். வெரி ஸ்ரோங்.”

“ஃபோர் டேய்ஸ்?” என்றார் பரீட்சகர். ஒரு கட்டிலை விரிக்க நான்கு நாள் எடுக்கும் மனிதரை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

“யெஸ் மேடம். ஃபர்ஸ்ற் ஐ கட் த ட்ரீ.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சிவநேசன் பெட்சீற்றை உதறி விரித்து, நான்கு மூலையும் சொருகி, கையால் தடவி ஒரு சுருக்கம் இல்லாமல் ஆக்கியிருந்தார். பிறகு கட்டிலின் ஓரத்தைத் தட்டி, “பிளீஸ் சிற் மேடம்” என்றார். கண்டிப்பான அந்த அம்மா இருந்து பார்த்தார். கட்டில் முனகவில்லை. குனிந்து கட்டில் சட்டத்தின் உட்பக்கத்தையும் தடவிப் பார்த்தார். வெகு நேரம் எழுதினார்.

கடைசி ஆள் பவளராணி. காலை ஆறு மணிக்கே வந்து அந்த அறை முழுவதையும் கழுவி வைத்தவர் அவர்தான். மேசை பளபளவென்று இருந்தது.

“பிளீஸ் டஸ்ற் த டேபிள்” என்றார் பரீட்சகர்.

பவளராணி மேசையில் விரலை ஓட்டி, அந்த விரலை அவரிடம் காட்டினார். “நோ டஸ்ற், மேடம்.”

“யெஸ், பட் பிளீஸ் டஸ்ற்.”

பவளராணி தலையாட்டிவிட்டு வெளியே போனார். பயத்தில் ஓடிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் இரண்டு கையும் நிறைய முற்றத்துச் செம்மண்ணோடு திரும்பி வந்தார். அதை மேசை முழுக்க, கோலமாவு போடுவதுபோல ஒரே அளவாகத் தூவினார்.

“நவ் ஐ டஸ்ற் த டேபிள், மேடம்.”

துணியை எடுத்து, ஒரு பொட்டும் கீழே சிந்தாமல் வழித்துத் துடைத்தார்.

“நவ் ஐ டஸ்ற் த டேபிள், மேடம்.”

பரீட்சகரின் பேனா நின்றுவிட்டது. முதன்முறையாக என் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரியா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எழும்பி நின்றேன். “யெஸ் மேடம். இரண்டு தரமும் சரி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒன்பது பேர் தேறினார்கள். சிவநேசனும் பவளராணியும் அந்த ஒன்பதில் இருந்தார்கள். சிவநேசன் தன் சான்றிதழுக்குத் தானே சட்டம் அடித்துப் பட்டறையில் மாட்டியிருக்கிறார்.

4. கதவில் தொங்கிய அட்டை

இதை என் வெற்றிக் கதையாக முடித்திருப்பேன். ஆனால் பவளராணி வேலைக்குப் போன இரண்டாவது கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன்.

“டீச்சர், ஒரு ரூம் கதவுல அட்டை தொங்குதுங்க. டூ நொட் டிஸ்ரர்ப். நம்ம பாடத்துல இது இல்லீங்களே.”

“தொந்தரவு செய்ய வேண்டாம் எண்டு கருத்து, பவளராணி.”

“சரிங்க டீச்சர். பண்ண மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு மீன்காரரிடம் திரும்பினேன். மதியம் விடுதி முகாமையாளர் எடுத்தார்.

“ரீச்சர், நீங்கள் உந்த ஆளுக்கு என்னத்தைப் படிப்பிச்சு விட்டனீங்கள்? உடனை ஒருக்கா வாங்கோ.”

ஓட்டோ பிடித்துப் போனேன். பவளராணி வரவேற்பறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்று அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. முகாமையாளர் நடந்ததைச் சொன்னார்.

அந்த அறையில் ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் அசந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பவளராணி செருப்பைக் கழற்றிவிட்டு, சாவியைத் துணியில் சுற்றித் திருப்பி, சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கிறார். நிலத்தைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துவாய் மாற்றினார். சவர்க்காரம் வைத்தார். எல்லாம் முடிந்து அவரின் தலைமாட்டில் போய்க் காத்துக்கொண்டு நின்றார். எஞ்சினியர் கண் விழித்தபோது, இவர் உதட்டில் விரலை வைத்து மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார்:

“ஐ நொட் டிஸ்ரர்ப், சேர். யூ ஸ்லீப். ஒன்லி பிலோ கேஸ் பலன்ஸ்.”

எஞ்சினியர் தலையைத் தூக்கினார். இவர் தலையணை உறையை மாற்றினார். எஞ்சினியர் தலையை வைத்துத் திரும்பவும் தூங்கிவிட்டார்.

“அவர் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“எழும்பி வந்து, கனவு கண்டனானோ எண்டு என்னட்டைக் கேக்கிறார்” என்றார் முகாமையாளர். “முறைப்பாடு ஒண்டும் இல்லையாம். ஆனா நான் இவவை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

பவளராணி என்னைப் பார்த்தார். கோபமில்லை, உண்மையான சந்தேகம்.

“டீச்சர், தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னீங்க. நா பண்ணலைங்க. உள்ள போக வேண்டாம்னு நீங்க சொல்லவே இல்லீங்களே.”

சொல்லவில்லைதான். முகாமையாளரிடம், பிழை என்னுடையது, கருத்தைச் சொன்னேன், செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை, இந்த ஆளை விட்டால் இப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார் என்றேன். அவர், “ஓம், தூங்கிற ஆளை எழுப்பாமல் அறை துடைக்கிறதுக்கு எங்கடை மற்ற ஆக்களாலை ஏலாதுதான்” என்று ஒப்புக்கொண்டார். பவளராணி போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். இப்போது அந்த மாடி முழுவதும் அவர் பொறுப்பு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சொல்லுக்குக் கருத்துச் சொன்னவுடன் பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். “சரி, இப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர்கள் எழும்பி என்ன செய்கிறார்கள் என்று கடைசி வரை பாருங்கள். மீன் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.