பிரியாணிக்காரர் சுருட்டிய கிம்பாப்

பாசிர் கூடாங் தொழிற்பேட்டைப் பக்கம் போய் சிக்கந்தர் வீடு எது என்று கேட்டால், "எந்த சிக்கந்தர்?" என்பார்கள். பிரியாணி சிக்கந்தர் என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அவர் தொழில் என்னவோ தொழிற்சாலை பஸ் ஓட்டுவதுதான். ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஏற்றி, ஷிஃப்டு முடிந்தவர்களை இறக்கி, அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்தார். ஆனால் அவர் பேர் நிற்பது பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு ஆக்குகிற பிரியாணியில். சிக்கந்தர் அண்ணன் தம் போட்ட சட்டியைத் திறந்தால் ஒரு பருக்கை இன்னொரு பருக்கைக்கு சலாம்கூட சொல்லாது என்று ஜமாஅத்தில் ஒரு பேச்சு உண்டு. "எல்லாம் அல்லாஹ் கொடுத்தது" என்று தலையைக் குனிந்துகொள்வார் மனுஷன். அப்போது வருகிற சிரிப்பை தாடிக்குள் ஒளித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மீரா பீவி ஆக்குகிற சோறு எப்போதும் குழைந்துபோகும். அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவார், போன இடத்தில் இருந்துவிடுவார். சிக்கந்தர் தட்டில் கை வைத்ததும், "மாஷா அல்லாஹ், இன்னைக்கும் சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்பார். விருந்தாளி வந்தால் அவரே உலை வைத்துவிடுவார். மீரா பீவி கோபப்படுகிற ஆள் இல்லை. "வயித்துக்குள்ள போனா உங்க சோறும் என் சோறும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

ஒரே மகள் நஜ்வா ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆரம்பத்தில் வாராவாரம் வீட்டுக்கு ஓடி வந்தவள்தான். அது மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது. இப்போது எப்போது கேட்டாலும், "அசைன்மென்ட் இருக்கு அத்தா." ஸ்கூடாய் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? ரோட்டில் நெரிசல் இல்லையென்றால், சாயங்காலம் அஸருக்குக் கிளம்பினால் பொழுது சாய்கிற மஃரிபுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம்.

ஒருநாள் அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கூட்டாளிகளோடு கொரியச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு தட்டில் வட்ட வட்டமாக வெட்டிய சோற்றுச் சுருள்கள், சுற்றிலும் கறுப்பாக ஒரு தோல். அதற்குப் பேர் கிம்பாப் என்றாள். கடை ஹலால்தானா என்று சிக்கந்தர் கேட்டார். ஹலால்தானாம். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. பிள்ளை காது வரைக்கும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்து எத்தனை நாளாயிற்று!

உடனே போனைப் போட்டுவிட்டார். "இதுக்குப் போயா கடை ஏறுறீங்க? சனிக்கிழமை வீட்டுக்கு வாம்மா. அத்தா செஞ்சு தரேன்."

"கிம்பாப்பா? நீங்களா அத்தா?"

"சோறுதானே? சோறு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் யாரிடமோ குசுகுசுவென்று கேட்டாள். பிறகு, "அப்போ என் கூட்டாளி ஷர்மினியையும் கூட்டிட்டு வரேன். அவ கார்லயே வந்துருவோம்."

பக்கத்தில் இருந்த மீரா பீவி, "பாத்துக்கங்க. வாய்க்கு வெளங்கலன்னா பிள்ளை அந்தக் கடையிலயே குடியிருந்துருவா" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். சிக்கந்தருக்கு அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வேலையில் இறங்கினார். கடற்பாசித் தாள் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை பார்த்து வாங்கி வந்திருந்தார். சுருட்டுவதற்கு மூங்கில் குச்சித் தட்டி ஒன்று. இதற்கென்று குட்டையாக, குண்டாக ஒரு அரிசி உண்டு என்று கடைக்காரம்மா சொன்னதால் அதுவும் ஒரு பை.

மீரா பீவி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னங்க, கார்பன் பேப்பர் வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"நீ சும்மா இரு. தொழில் நடக்குற எடம்."

அரிசி வாங்கியது சரி. ஆனால் கை அவருடைய பழைய கைதானே? நீர் தெளிகிற வரைக்கும் களைந்தது. உலையில் தண்ணீரைத் தாராளமாக விட்டது. முக்கால் பதத்தில் கஞ்சியை வடித்தது. ஒரு கரண்டி நெய் விட்டு, எலுமிச்சம்பழமும் பிழிந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தாளில் பரப்பிச் சுருட்டி, கத்தியை வைத்தார். பஸ் கதவு திறந்ததும் ஷிஃப்டு முடிந்த கூட்டம் இறங்குமே, அப்படி இரண்டு பக்கமும் இறங்கியது சோறு. ஒரு பருக்கை இன்னொன்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அலமாக்!" என்றார் மீரா பீவி. "என்னா உதிரி! கந்தூரியே வைக்கலாம்."

மறுபடி உலை வைத்தார். கஞ்சியை வடிக்கவே கூடாது என்று உறுதியாக நின்றார், வடிக்கவும் இல்லை. ஆனால் கிண்டிப் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்தவர் கையில் எப்படியோ நெய்க் கரண்டி இருந்தது. அதுவும் உதிர்ந்தது. அதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுது முடித்துக் கையேந்தினவர், "யா அல்லாஹ், இந்தச் சோறு ஒட்டட்டும்" என்று கேட்டுவிட்டார். இதையெல்லாமா கேட்பது என்று வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு இன்னொரு தடவை அதையே கேட்டார்.

மறுநாள் காலையில், மீரா பீவி ஆக்கி மிஞ்சிய பழைய சோற்றைத் தட்டில் போட்டு, யோசனையிலேயே ஒரு கவளம் உருட்டினார் சிக்கந்தர். உருண்டை அப்படியே நின்றது. அமுக்கினார், தட்டையானது. உதிரவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மீரா."

"என்னங்க?"

"அந்தக் குண்டு அரிசிய... நீ ஆக்கேன்."

"காது கேக்கல."

"நீ சோறு ஆக்கும்மா."

"எதுக்கு? போஸ்டர் ஒட்டவா?"

சிக்கந்தர் தாடியைத் தடவினார். "பிள்ளை வர்றா மீரா" என்றார். அதற்கு மேல் மீரா பீவிக்கும் கேலி வரவில்லை. "ஆக்குறேன். ஆனா அவ முன்னாடி யாரு சோறுன்னு சொல்லணும். சோறு வேகுற வரைக்கும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார்.

அரிசியை அளவுத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு, வழக்கம்போலத் துணி மடிக்கப் போய்விட்டார். சிக்கந்தர் அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தார், கை பின்னாலேயே இருந்தது. சோறு வந்தது பாருங்கள், கரண்டியைக் குத்தினால் கரண்டி நின்றது! லேசாக நல்லெண்ணெய் தடவி, முட்டை, கேரட், வெள்ளரிக்காய் அச்சார், தன் கையால் பொரித்துப் பிய்த்த கோழி எல்லாம் வைத்துச் சுருட்டினார். வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் சக்கரம் மாதிரி நின்றது.

மதியம் லுஹருக்குப் பிறகு பிள்ளைகள் வந்தார்கள். நஜ்வா ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். சிக்கந்தர் அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தா, அந்தக் கடை மாதிரி இல்ல."

அவர் முகம் வாடியது. ஆனால் அவள் கை அடுத்த துண்டுக்குப் போனது, அதற்கு அடுத்ததுக்கும் போனது. "இதுல நம்ம வீட்டுக் கோழி இருக்கு. அங்க இது கெடைக்காது. ஆமா, சோறு எப்படி இவ்ளோ கரெக்டா ஒட்டுது? நீங்க ஆக்குனா ஒட்டாதே!"

மீரா பீவி இருமினார். சிக்கந்தர் கூரையைப் பார்த்தார். "சோறு உங்கம்மா."

"பிரியாணி சிக்கந்தர் வீட்டுல அம்மா சோறா!" பிள்ளை காது வரைக்கும் சிரித்தாள். படத்தில் பார்த்த அதே சிரிப்பு. சிக்கந்தர் வாய்க்குள்ளேயே அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

கிளம்பும்போது ஷர்மினி, "ஆண்டி, ஹாஸ்டலுக்கும் கொஞ்சம் கட்டித் தாங்க லா" என்றாள். மீரா பீவி அலமாரியைத் திறந்து பச்சை டப்பாவை எடுத்தார். கூடப் பிறந்த தங்கைக்கே இரவல் கொடுக்காத டப்பா அது.

"டப்பா பத்திரமா வந்துரணும். அடுத்த சனிக்கிழமை."

"அம்மா, அடுத்த வாரம் அசைன்மென்ட்..."

"என் டப்பா."

"சரிம்மா, சரிம்மா. கொண்டாரேன்."

கார் முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றார்கள். சிக்கந்தர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அடுத்த வாரம் டப்பா வந்துரும். அதுக்கடுத்த வாரம்?"

மீரா பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, வந்த டப்பாவ காலியாவா திருப்பி அனுப்புவேன்?"

சிக்கந்தர் விறுவிறுவென்று உள்ளே போனார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கார்பன் பேப்பர் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ண ஆரம்பித்தார்.