பேணிகளில் ஊற்றாத தண்ணீர்

கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

இன்று ஒரு கராஜில் கழிவெண்ணெய் மணத்தபோது எங்கள் வெள்ளவத்தை வீட்டுத் தேனீப் பெட்டி நினைவுக்கு வந்தது. எறும்பு ஏறாமலிருக்க, அண்ணா அதன் நான்கு கால்களையும் கழிவெண்ணெய் ஊற்றிய தகரப் பேணிகளில் நிறுத்தியிருந்தார். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலை, அம்மா எண்ணெயைத் தெருவோரச் சாக்கடைக் கானில் கொட்டினார்.

"உதைக் கண்டால் குண்டு செய்யிறமெண்டு சொல்லுவாங்கள்."

ஆனாலும் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது, "தம்பி, பேணியளுக்குத் தண்ணியெண்டாலும் விடடா" என்றார்.

"ஓமண்ணா."

தேனீக்குப் பயந்து நான் கிட்டப் போகவில்லை. மூன்றாம் நாள் பெட்டிக்குள் எறும்புகள்தான் இருந்தன. அண்ணா வந்து கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வரவேயில்லை. வாசலில் யாராவது தட்டினால் இப்போதும் அந்தப் பதிலைத்தான் தேடுகிறேன்.

எழுதியது, பொங்கலுக்கு மறுநாள்.