பத்துக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று

என் மூன்றாம் வகுப்பில் அன்று இருந்தவர்கள்: அரிசிக் கடைக்காரர் வீட்டு இரட்டையர், தபால்காரர் மகன், மாதாகோயில் தெருப் பெண்பிள்ளைகள், வில்வண்டிக்காரரின் பேரன். வராதவள் ஒருத்திதான். சாரல் காலம் தொடங்கியதும் தாயோடு ஐந்தருவிக்குப் போய்விட்டாள். தாய் அங்கே சீயக்காய் அரைத்து விற்பாள். குளிக்க வருகிறவர்களின் துணிக்கு மகள் காவல்.

திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அவள் பெயரை அடித்துவிடச் சொன்னார் தலைமை ஆசிரியர். "வந்தாலும் அவளுக்குக் கூட்டல் வரப்போறதில்ல. ஊர்ல அத்தனை பேருக்கும் கணக்கு வந்துட்டா கடைக்காரன் எப்படிவே பொழைப்பான்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஒரு பிள்ளையைக்கூடக் கணக்கில் விட்டுவிடக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்று நினைத்துக்கொண்டேன். நினைப்பது சுலபம். தென்காசியிலிருந்து தினமும் குற்றாலத்துக்கு நடை; நாள் முழுக்க வாய்ப்பாடு சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. அன்று மாலை, நனைந்த வேட்டியோடு ஐந்தருவிக்கும் நடந்தேன்.

பாறையில் துணிக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சிலேட்டைக் கொடுத்து, இருபத்தேழையும் முப்பத்தெட்டையும் கூட்டச் சொன்னேன். 515 என்று எழுதினாள். வகுப்பில் பிரம்படி வாங்கித் தந்த அதே விடை.

"ஏழும் எட்டும் பதினஞ்சுல்லா. ஒண்ணை ஏன் பக்கத்து இடத்துக்குக் கொண்டு போகல?"

"பதினாறு ஆகலியே ஐயா."

ஒன்பதையும் எட்டையும் கூட்டச் சொன்னேன். கீழே ஒன்று போட்டு, பக்கத்தில் ஒன்று போட்டு, பதினொன்று என்று காட்டினாள். அப்போதுதான் விளங்கியது. அவள் எண்ணிப் பழகியது காசு மட்டும்தான். பதினாறணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதுவரை எதுவும் இடம் மாறாது.

கூழாங்கற்களைப் பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டினேன். காசுக்குப் பதினாறு, மற்றதுக்கெல்லாம் பத்து. தப்பினாள், மறுபடி தப்பினாள். அந்த வாரம் முழுக்க மாலைதோறும் நடந்தேன். சனிக்கிழமை சரியாக வந்தது. அதற்குமேல் நடக்க என் காலில் தெம்பில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் தாயிடம் போய் நின்றேன்.

"கூட்டல்தான் வந்துட்டுல்லா வாத்தியாரய்யா, பொறவு என்ன? அவளை அனுப்பிட்டா துணிக்கு நீரா காவல் நிப்பேரு?"

"நான் நின்னா துணியோட என்னையும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அம்மியில் கையை வைத்தபடியே சொன்னாள்: "ஒரு நாளைக்கு ரெண்டணா கொண்டாருதா. திங்கட்கெழமையிலேருந்து சாரல் இன்னும் நாப்பது நாள் இருக்கும். மொத்தம் எவ்வளவு போகும்? ஏட்டி, நீயே சொல்லு."

மகள் கற்களை நாளுக்கொன்றாக வைத்தாள். பிறகு அதில் ஐந்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். "ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடம் கெடையாதும்மா. அன்னைக்கு நான் இங்கன இருப்பேன்லா." மிச்சக் கல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு கல் வைத்து, எல்லாவற்றையும் வாரி, பதினாறு பதினாறாகப் பிரித்தாள். நான்கு குவியல், ஓரத்தில் ஆறு கல்.

தாய் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரைக்கத் தொடங்கினாள். திங்கட்கிழமை நான் போய்ச் சேருமுன் மகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். சாரல் முடியும்வரை ஒரு நாளும் தப்பவில்லை.

அந்த வீட்டுக்கு ஆன செலவு நாலு ரூபாய் ஆறணா.