ஒரே மாமனார், இரண்டு கொட்டேஷன்

மூன்று மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் செம்புக் கம்பியையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி இழை போடப் போகிறார்களாம் என்ற செய்தி முடிச்சுக்காரருக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்திருந்தது. பிரிண்டர் ரிப்பேர் செய்யப் போனவர் அங்கே காதில் வாங்கி, ஹார்டுவேர் கடைக்காரரிடம் சொல்லி, அவர் ஆணி எடை போட்டபடியே இவரிடம் சொன்னார்.

"இனிமே காப்பரே கிடையாதாம் அண்ணே. எல்லாம் கண்ணாடிதானாம். சுவர்ல சாஞ்சா உடைஞ்சிடுமாம்."

"யாரு போடப் போறாங்களாம்?"

கடைக்காரர் தராசை மிகவும் கவனமாகப் பார்த்தார். "உங்க சகலைன்னு பேச்சு."

முடிச்சுக்காரர் ஆணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஆபீசின் பழைய கம்பி அவர் கையால் இழுத்தது. அது போனால், வாடிக்கை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிஞ்சுவது இரண்டு பல் டாக்டர்கள்தான்.

அலுவலகங்களில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கேபிள் இழுப்பது அவர் தொழில். இழுத்ததைக் கட்டாகச் சேர்த்து, சாணுக்கு ஒரு முடிச்சாக, பெண் பிள்ளைக்குப் பின்னல் போடுகிற அக்கறையோடு கட்டுவார். பெயர் அப்படி வந்ததுதான். பாதி ஆயுள் மேசைகளுக்கு அடியிலேயே போய்விட்டதால் ஆபீஸ் ஆட்களை அவருக்கு முகத்தால் தெரியாது, செருப்பால் தெரியும். யார் கழற்றிப் போட்டுவிட்டுத் துழாவுகிறார், யார் காலை ஆட்டிக்கொண்டே போனில் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் அத்துப்படி.

சகலை வேறு ரகம். மனைவியின் தங்கையைக் கட்டியவர். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்கு அவர் கறுப்புக் கண்ணாடியும் பெட்டியுமாக வந்து இறங்குவார். பெட்டிக்குள், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை மின்பொறி வைத்து ஒட்டுகிற மெஷின். அதன் விலைக்கு ஒரு பழைய வேனே வாங்கலாம் என்று இவர் வயிறு எரிந்ததுண்டு. ஒருநாள் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "காப்பர் பாத்திரத்துக்கு நல்லா இருக்கும், சகலை" என்றார் அவர். அன்றோடு பேச்சு நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. மாமனார் வீட்டில் கீழிருந்து மாடிக்கு இவர் வீம்புக்கு ஒரு செம்புக் கேபிள் இழுத்தார். அடுத்த வாரமே அதை ஒட்டி அவர் ஒரு ஃபைபர் இழுத்தார். மாமனார் இரண்டுக்கும் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார்.

"கொட்டேஷன் போடு," என்றார் முடிச்சுக்காரர் மனைவியிடம். டைப், பில், கணக்கு எல்லாம் அவள் பொறுப்பு. "ஃபைபர் என்ன விலை, காப்பர் என்ன விலைன்னு பக்கத்துல பக்கத்துல போடு. பாக்கிறவங்க கண்ணுல அறையணும்."

அவள் விலைப்பட்டியலைப் புரட்டினாள். "என்னங்க, மீட்டர் கணக்குல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. சிலதுல கண்ணாடிதான் கம்மி."

"சும்மா சொல்லாதே."

"நான் என்ன அவருக்கு ஏஜென்ட்டா? நீங்களே பாருங்க."

பார்த்தார். அவள் சொன்னது சரிதான். பிறகு எங்கிருந்தோ தெம்பு வந்தது. "கேபிளை ஏன் பாக்கிறே? நுனியைப் பாரு! காசெல்லாம் நுனியிலதான். ஒவ்வொரு மேசையிலயும் இழையை ஒட்டணும், வெளிச்சத்தைக் கரண்டா மாத்த ஒரு டப்பா வைக்கணும். மேசை போனுக்குக் கரண்டே நம்ம காப்பர் வழியாத்தான் போகுது. கண்ணாடியில வெளிச்சம்தானே போகும், போன் எதைத் தின்னுட்டு மணியடிக்கும்?"

அத்தனை மேசைக்கும் அவள் பெருக்கியதும் ஃபைபர் பக்கத்துத் தொகை உப்பிக்கொண்டு நின்றது. முடிச்சுக்காரர் முகத்தில் கல்யாணக் களை.

"சரி, பின்னாடி குடோனுக்கு?" என்றாள்.

களை போய்விட்டது. பழைய கோப்புகள் வைக்கிற அந்தக் கட்டடம் கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம். செம்புக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் சொன்னபேச்சு கேட்காது. இது அதையும் தாண்டிய தூரம்.

"நடுவுல வாட்ச்மேன் ரூம்ல சிக்னலைத் தள்ளிவிட ஒரு சுவிட்ச் டப்பா வெச்சா..."

"போன தடவை வெச்சது என்ன ஆச்சு?"

"இடி விழுந்து கருகிடுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"தண்ணி சுட வைக்க வாட்ச்மேன் பிளக்கைப் பிடுங்கிட்டாரு."

"அதையேதான் எழுதட்டுமா?"

"எழுது," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. மேலாளர் அம்மையாரை அவருக்கு முன்பே தெரியும்: நீல ஷூ, எரிச்சல் வந்தால் குதிகால் தாளம் போடும். அன்று மரியாதையாக நாற்காலி கொடுத்துவிட்டதால் குதிகாலைப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு கொட்டேஷன் முழுக்க ஃபைபர். உங்களுது முழுக்க காப்பர், நடுவுல ஒரு வாட்ச்மேன்." டக், டக். "இதுக்கு முன்னாடி வேலை செஞ்ச இடம்னு ரெண்டு பேருமே ஒரே விலாசம் குடுத்திருக்கீங்க."

நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல மாமனாரை விட்டால் யார் என்று முடிச்சுக்காரர் அவர் வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தார். சகலையின் புத்தியும் அதே வாசலில் போய் நிற்கும் என்று யார் கண்டது?

"போன் பண்ணினேன்," என்றார் மேலாளர். "அந்தப் பெரியவர் சொல்றார்: 'ரெண்டு மாப்பிள்ளையும் நல்லாத்தாம்மா போட்டாங்க. எதுல என்ன ஓடுதுன்னுதான் எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா கேட்டுச் சொல்றேன். சேர்ந்து வந்து ரொம்ப நாளாச்சு.'"

முடிச்சுக்காரர் பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் பார்வையை ஓடவிட்டார்.

"மேசைக்கெல்லாம் காப்பர். மாடிக்கு மாடி, குடோனுக்கு ஃபைபர். கூட்டிப் பார்த்தேன், அதுதான் ரெண்டையும் விடக் கம்மி. ஆனா எனக்கு ஒரே கொட்டேஷன் வேணும். உங்க குடும்பப் பஞ்சாயத்துக்கு இங்க இடமில்ல. நாளைக்குள்ள வரலைன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்." தாளம் நின்றது. நின்றால் முடிவு என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நடந்தார். "நான் மூத்தவன். நானா போன் பண்றது?"

"மூத்தவர்தான் முதல்ல பண்ணணும். இல்லாட்டி எதுக்கு மூத்தவர்?" என்றாள் மனைவி.

"பாத்திரத்துக்கு நல்லா இருக்கும்னு சொன்னவன்!"

"நல்லாத்தானே இருக்கும்? அதை விடுங்க. ஒட்டுற மெஷின் உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல."

"மேசைக்கு அடியில அவரால குனிய முடியுமா?"

முடிச்சுக்காரர் சகலையின் தொப்பையை மனக்கண்ணில் அளந்தார். "முடியாது," என்றார், கொஞ்சம் ஆறுதலாக.

போனை எடுத்து ஒத்திகை பார்த்தார். 'சகலை, ஒரு வேலை விஷயமா' என்றால் ரொம்பத் தாழ்ந்து போகிறது. 'என்ன சகலை, சௌக்கியமா' என்றால் நேற்றுத்தான் பார்த்த மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பெயரை அமுக்கினார்.

மணி போனது. மனைவியோ தன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேச்சில் இருந்தாள்.

"அடிக்குதாடி? கையிலயா வெச்சிருக்காரு?" இவர் பக்கம் திரும்பினாள். "கையிலதான் வெச்சிருக்காராம். உங்க பேரையே பாத்துக்கிட்டு இருக்காராம்."

"பின்ன எடுக்கிறதுக்கென்ன?"

"உடனே எடுத்தா காத்துக்கிட்டிருந்த மாதிரி ஆயிடுமாம்."

முடிச்சுக்காரர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவசரமில்லைன்னு சொல்லு. நான் வைக்க மாட்டேன்."

மணி போய்க்கொண்டே இருந்தது.