வெறுங்கழுத்தோடு வெள்ளவத்தையில் ஆறு மாதம்

போன பிப்ரவரியில் அலுவலகம் என்னை ஆறு மாதத்துக்குக் கொழும்புக்கு அனுப்பியது. கணவரை மதுரையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். சென்னையிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு முன் கேட்ட புத்திமதிகளுக்குத்தான் ஒரு வாரம் ஆனது. சங்கிலி அறுப்பார்களாம், கைப்பையைப் பறிப்பார்களாம், கொட்டாஞ்சேனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தாலி உட்பட அத்தனை நகையையும் மதுரை பீரோவில் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு நிமிட நடையில் மூன்றாம் மாடி வீடு. தெருவில் இறங்கினால் இடியாப்பம், சொதி, புடவைக்கடை, எல்லாம் தமிழ். எதிர்வீட்டுக் கமலா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், முதல் நாளே மீன் குழம்பு கொண்டுவந்தார். கட்டிடத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மறுநாள் அவர் கையில் இரண்டு பலகாரப் பெட்டி இருக்கும். ஒன்று எனக்கு, இன்னொன்று நாலாம் மாடி டீச்சருக்கு. பெட்டி வருமே தவிர அழைப்பு வராது. மூன்று மாதத்தில் இரண்டு கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு. படியெல்லாம் பட்டுப்புடவை சரசரக்கும். நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழுதிருக்கிறேன், சத்தியமாக. ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன்.

மே மாதம் அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வீடுவீடாகக் கார்டு கொடுத்தவர் என் கதவைத் தாண்டிப் போனார். பொறுக்கவில்லை. நேரே போய் ஏன் என்று கேட்டேவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ பிள்ளை. அவர் தவறி எவ்வளவு காலம்?"

தவறிய மனுஷன் அன்று காலைதான் சாம்பார் பொடி டப்பா எங்கே என்று போன் செய்திருந்தார்! என் வெறுங்கழுத்தைப் பார்த்து, கேட்டால் மனம் நோகும் என்று ஒரு கட்டிடமே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. உடனே வீடியோவில் அவரைக் காட்டினேன். சட்டை போடாமல் இருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார். அக்கா தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சுருக்கென்றது.

"நிஜமாவே செத்திருந்தா, அக்கா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது.

"சாப்பாடு குடுத்து விட்டிருப்பன்" என்றார். பிறகு ஒரு கார்டை எடுத்து என் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கல்யாணம் அதே கொட்டாஞ்சேனையில். ஒன்பது கிலோமீட்டர் தூரம், காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். ஏழு மணிக்கு வேனில் ஏறப்போனால், முன் இருக்கையில் நாலாம் மாடி டீச்சர், மாம்பழ நிறப் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்து பதினோரு வருஷம். டீச்சருக்கு வேனில் தலை சுற்றும், அதுதான் முன்னுக்கு இருத்தினேன் என்றார் அக்கா, யாரும் கேட்காமலே.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டோவைச் செயலியில் பிடியுங்கள், கைப்பையைத் தோளில் குறுக்கே மாட்டுங்கள். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தொலைந்தது மண்டப வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மட்டும்தான். கணவர் உயிரோடிருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்றும் எழுத நினைத்தேன். வேண்டாம். டீச்சரால் அதைச் சொல்ல முடியாதே.

கடிதத்தைக் கிழித்துப்போட்டு ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் வந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் இரண்டு பேருக்கும் பலகாரப் பெட்டி வரவில்லை. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தோம். டீச்சர் பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.