நான் சொன்ன நாற்பத்தெட்டு கிலோ

காலை ஆறு பத்து. போன ஆனி மாதம், சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனை. படுக்கையிலேயே பல் துலக்கிய என் மகள் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. பிரஷ் ஈறில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எத்தனை முறை கொப்பளித்தும் நிற்கவில்லை. போர்வையைச் சரிசெய்த என் மனைவி, "ஏங்க, இங்கன பாருங்க" என்று பதறினாள். வயிற்றில் ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

ஐந்து நாளுக்கு முன் சாத்தூர் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி, மகளுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்திருந்தது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம் என்று, ரத்தம் உறையாமலிருக்க, எடைக்குத் தக்க அளவில் தினமும் ஓர் ஊசி போட்டார்கள்.

ஓடிவந்த நர்ஸ் அன்றைய ஊசியை நிறுத்திவைத்தார். வாயில் பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"நாப்பத்தெட்டு கிலோன்னு இருக்கு. யார் சொன்னது?"

"நான்தான் சிஸ்டர்."

"கடைசியா எப்ப எடை பாத்தீக?"

மகள் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அது மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ற எடையாச்சேப்பா! அதயா இங்கயும் சொன்னீக?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு.

ஒல்லி என்று இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு நாங்களாக ஏற்றிய எடை அது. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். சேர்த்த அன்று அவளால் நிற்க முடியவில்லை. எடை கேட்டார்கள், சட்டென்று அதையே சொன்னேன்.

இத்தனைக்கும் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போட்டு எழுதுவதுதான் என் வேலை. சாக்கின் எடையைக் கழிக்காமல் ஒரு மூட்டையையும் எழுதியதில்லை.

கசிவு சற்று அடங்கியதும், ஸ்டோரில் சாமான் நிறுக்கும் தராசில் அவளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினோம். பிறகு நாற்காலியை மட்டும் வைத்தோம். கழித்துப் பார்த்தவன் நான். முப்பத்தாறு.

ஊசி தொடர்ந்தால் ரத்தம் போகும், விட்டால் உறையும். பெரிய டாக்டர் வரும்வரை அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், கன்றலைத் தொட்டுப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, உள்ள எங்கயும் கசியல. இவங்க எடைக்கு அளவக் குறைச்சு ஊசியத் தொடருவோம். நாங்களும் அன்னைக்கே நிறுத்துப் பாத்திருக்கணும். ஆனா ஐயா, இனிமே தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க."

இப்போது வரன் கேட்டு வருகிறவர்களிடம், போன வாரம் நிறுத்துப் பார்த்தபடி முப்பத்தேழு கிலோ என்றுதான் சொல்கிறோம். அந்தச் சின்ன எண்ணைச் சொல்ல எனக்குக் கூச்சம் போய்விட்டது, அன்று காலை வந்த பயம்தான் இன்னும் போகவில்லை.